தேங்காய்ச் சட்னியும் என் முனைவர் பட்டமும்

நமக்குப் பிடித்த விடையைச் சொல்லும் கருவியை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஜோசியர் விஷயத்திலும் அப்படித்தான். "எதையும் சோதிக்காமல் நம்பாதீர்கள்" என்று இன்றைக்கு ஆன்லைன் வகுப்பில் மாணவர்களிடம் நான் முழங்கும்போதெல்லாம், பக்கத்து அறையில் என் மனைவி செல்வி சிரிப்பது கேட்கும்.

அப்போது நான் ஆராய்ச்சி மாணவன். ஊசி குத்தாமல், வியர்வையை வைத்தே சர்க்கரை அளவைச் சொல்லும் சென்சார் செய்வது என் வேலை. சிறு பட்டை ஒன்றில் வியர்வைத் துளியை விட்டால், சர்க்கரைக்கு ஏற்ப மின்னோட்டம் ஏறும். மடிக்கணினியில் கோடு எழும்பும். (எழும்ப வேண்டும். வருஷக்கணக்காகப் படுத்தே கிடந்தது.)

குடியிருந்தது அயனம்பாக்கத்தில், மாமனார் வீட்டு மாடியில். சாப்பாடு கீழே அவர் வீட்டில். சொந்தக்காரர்கள் வந்து, "மாப்ள இன்னா பண்றாரு?" என்று கேட்டால், "படிச்சுகினு கீறாரு" என்பார் மனுஷன், குரலைத் தாழ்த்தி. பட்டம் முடிந்தால்தான் எனக்கு வேலை. எனக்கு வேலை கிடைத்தால்தான் அவர் குரல் உயரும்.

ஆய்வகத்தில் வெள்ளையடிக்க ஆரம்பித்ததால், கருவியைத் தூக்கி வந்து கீழ்வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். காலையில் ஏரிக்கரையில் ஓடிவிட்டு வந்து, வியர்வையில் ஒரு துளி விட்டேன். கோடு ஜிவ்வென்று எழும்பியது! மறுநாளும் எழும்பியது. நான்தான் விவரமானவனாயிற்றே, பிற்பகலில் சர்க்கரையே இல்லாத உப்புத் தண்ணீரையும் விட்டுப் பார்த்தேன். கோடு அசையவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"எந்திரிச்சிடுச்சு மாப்ள!" என்று மாமனார் கணினியைப் பார்த்துக் கும்பிட்டார்.

என் வழிகாட்டியான பேராசிரியை எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். "சனிக்கிழமை காலைல உங்க வீட்டுக்கே வரேன். எழும்பிச்சுன்னா தீசிஸ் எழுத ஆரம்பிச்சுடுங்க" என்றார்.

சனிக்கிழமை மாமனார் வீட்டில் ஊரடங்கே போட்டுவிட்டார். "மேடம் வராங்கோ. ஊட்ல ஒரு சத்தம் வரக்கூடாது. டிவி, மோட்டாரு, மிக்சி எதுவும் ஓடக்கூடாது. டிபன் நான் கடையில வாங்கியாரேன்."

மேடம் வந்து உட்கார்ந்தார். நான் மூச்சிரைக்க ஓடிவந்து துளியை விட்டேன். கோடு படுத்திருந்தது. வேறு பட்டை மாற்றினேன். அதுவும் படுத்தது. பயத்தில் வியர்வைக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் எந்திரிச்சிகினு இருந்துச்சு மேடம்" என்றார் மாமனார், தீனி தின்னாத கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்வதுபோல. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பரவால்ல, முதல்ல சாப்பிடலாம்" என்றார் மேடம். கடைச் சட்னி ஊசிப்போயிருந்தது. செல்வி அவசரமாகத் தேங்காயை உடைத்துத் துருவி மிக்சியில் போட்டாள். உர்ர்ர் என்றது மிக்சி. மேசைமேல் கோடு ஜிவ்வென்று எழும்பியது. மிக்சி நின்றது. கோடு படுத்தது.

மேடம் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார். "செல்வி, இன்னொரு சுத்து விடும்மா."

விட்டாள். எழும்பியது.

"தினம் எப்பம்மா சட்னி அரைப்பே?"

"இவரு ஓடிட்டு வந்து மேசைல உக்காந்ததும்தான் மேடம். பசியோட வருவாரே."

(பிற்பகலில் எந்த வீட்டில் சட்னி அரைக்கிறார்கள்?) மிக்சி மோட்டார் கிளப்பி, காதுக்குக் கேட்காமல் என் வயரில் புகுந்த மின் இரைச்சலைத்தான் நான் இத்தனை நாள் சர்க்கரை என்று கும்பிட்டிருக்கிறேன்.

"தம்பி, உங்க சென்சார் சர்க்கரையக் கண்டுபிடிக்கல. சட்னியக் கண்டுபிடிக்குது."

மாமனார் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "அதுவும் ஒரு கண்டுபுடிப்புதானே மேடம்?" என்றார். அந்த நிமிஷம் அவர் காலில் விழலாம் போலிருந்தது.

இரைச்சல் புகாமலிருக்க உலோகப் பெட்டிக்குள் வைத்து அளக்கச் சொல்லிவிட்டுப் போனார் மேடம். செல்வி தன் சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் முறுக்கு டப்பாவைக் கொடுத்தாள். வயர் போக அதில் ஓட்டை போட்டபோது கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

மாதங்கள் ஓடின. ஒரு காலை, வியர்வைத் துளியை விட்டதும் டப்பாவுக்குள்ளிருந்த பட்டை கோட்டை மெல்ல மேலே ஏற்றியது. எனக்கு வந்தது ஆத்திரம்.

"செல்வி! மிக்சிய நிறுத்து!"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது: "நான் இன்னும் தேங்காயே உடைக்கலைங்க!"

பட்டமும் வேலையும் அந்தக் கோட்டில்தான் வந்தன. மாமனார் இப்போது "மாப்ள சயின்டிஸ்ட்டு" என்பது தெருமுனை வரை கேட்கிறது. எங்கள் வீட்டில் யார் நல்ல சேதி கொண்டுவந்தாலும் எல்லோரும் ஒருமுறை சந்தேகமாகப் பார்ப்போம். போன வாரம் மகள் கணக்கில் நூறு வாங்கி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் விடைத்தாளை நீட்டிச் சொன்னாள்: "தேங்காயே உடைக்கலப்பா!"