பின்வரிசைப் பெருமகன்

பின்வரிசைப் பெருமகன் என்றொரு இனம் உண்டு. ஜாஸ் குழுக்களில், டிராம்போன்காரர்களுக்கும் சுவருக்கும் நடுவே, டியூபா என்கிற ஊதுவாத்தியப் பித்தளை அண்டாவை மடியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மேடை விளக்கு அதன்மேல் விழாது. விழாதது சதி என்று அது நம்பும்.

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் க்ளியோட்டிஸ் பாரோவைப் பார்த்தால் போதும், அந்த இனத்தையே பார்த்த மாதிரி. எத்தனையோ குழுத் தலைவர்களிடம் வாசித்தவர். ஒரே ஒரு இசைத்தட்டின் உறையில் அவரைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது: ‘மற்றும் பலர்’. ஆனாலும் ஹோசியாவின் முடிதிருத்தும் கடையில் தாம் வாசித்த தட்டு எது சுழன்றாலும், முகமெல்லாம் சோப்பு நுரையோடு எழுந்து, ட்ரம்பெட்காரன் உயிரைக் கொடுத்து ஊதுகிற இடம் பார்த்துக் கையை உயர்த்தி, கடையையே வாயடைக்கச் செய்துவிடுவார்.

“இந்தா, கேட்டீங்களா? அடியில ஒரு ‘பூம்’! அது யாரு? ஐயாதான்!”

“அது வெளிய போன லாரி. உக்காருப்பா, கத்தி பட்டுரும்” என்பார் ஹோசியா.

வீட்டில் லாரித் தொந்தரவு கிடையாது. மனைவி வெர்டெல் மட்டும்தான்.

“நான் இல்லேன்னா அந்த பேண்டு நிக்குமா? ஒரே ஒரு பாட்டுல என்னைத் தனியா ஊத விடட்டும், அப்புறம் பாரு!”

வருடக்கணக்காகக் கேட்டவள், ஒரு ஞாயிறு சர்ச் முடிந்து, போட்ட தொப்பியோடு நேரே ஒத்திகைக் கூடத்துக்குப் போய்க் குழுத் தலைவர் ஃபாண்டனோவைப் பிடித்துக்கொண்டாள்.

“என் வீட்டுக்காரருக்கு ஒரு சான்ஸ் குடுங்க. இல்லேன்னா அந்தப் பொலம்பலக் கேக்க நீங்களே எங்க வீட்டுக்குக் குடி வந்துருங்க.”

ஃபாண்டனோ இரண்டாவது யோசனையைக் கேட்டு நடுங்கிப்போனார். அடுத்த வாரம் மதிய நடனத்தின்போது, பாட்டின் நடுவில் எல்லா வாத்தியங்களையும் கையமர்த்திவிட்டுப் பின்வரிசையை நோக்கி விரலை நீட்டினார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள். விளக்கு தேடிக்கொண்டு வந்து க்ளியோட்டிஸ் முகத்தில் விழுந்தது.

என்ன வாசித்தார்? ‘பூம்’. சற்று யோசித்து, இன்னொரு ‘பூம்’.

சாப்பாட்டு மேஜையில் விரலால் தட்டித் தட்டி மனைவிக்குக் காட்டிய ஜாலமெல்லாம் எங்கே போயிற்று? உதடு மரத்தது. “அவ்ளோதானா?” என்றாள் ஒரு பெண். வெர்டெல் மட்டும் எழுந்து நின்று, கை சிவக்கத் தட்டினாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் வெடித்தார். “திட்டம் போட்டு அவமானப்படுத்திட்டான்! அஸ்திவாரத்தத் தூக்கி எவனாவது மொட்ட மாடியில வெப்பானா?”

“அவர்கிட்ட சான்ஸ் கேட்டதே நான்தான்யா.”

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் சொன்னார்: “என்னை இத்தன காலமா முன்னேற விடாதது யாருன்னு இப்பல்ல தெரியுது!”

வெர்டெல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ‘என்கிட்ட மட்டும் ஒரு நாள் பொறுப்பக் குடுத்துப் பாக்கட்டும்’ என்று ஆபீஸ் கேன்டீனில் காப்பியை ஆற்றியபடி யாரிடமோ சொன்னீர்களே, அந்த நல்ல மனிதர் இந்நேரம் உங்கள் மேனேஜரின் அறையில் உங்களுக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருக்கலாம்.