ஆற்றங்கரை அறையில் வெள்ளம் உண்டா?

எழுபது வயதுக்கு இன்னும் பதினொரு மாதம் இருக்கையில் ரசலையன் ஒரு தீர்மானம் எடுத்தார். திருச்சியில் உறவுக்காரக் கல்யாணம். போகிற இடத்தில் மைத்துனி ஜாஸ்பின் வீட்டில் தங்கப்போவதில்லை.

நாற்பத்து மூன்று வருடத்தில் அவரும் மனைவி பூங்கனியும் சேர்ந்து வெளியூர் போனது பதினாறு தடவை. பதினாறும் உறவுக்காரர் வீட்டில்தான் முடிந்தது. ஆண்கள் முன்னறையில், பெண்கள் அடுக்களையில். பதினேழாவது தடவையாவது ஓர் ஆற்றங்கரையில் அவளோடு தனியாக உட்கார வேண்டும் என்று ஆசை. அதைச் சொல்லத்தான் கூச்சம். காவிரி தெரிகிற ஜன்னலோடு லாட்ஜில் ரூம் போட்டுவிட்டு, "அங்க கார் நிறுத்த சௌகரியம்" என்று மட்டும் சொல்லிவைத்தார்.

விடியற்காலையில் நெய்யூரிலிருந்து கிளம்பினார்கள். ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் முப்பத்தெட்டு காற்றாலைகளை எண்ணிவிட்டார்.

"காத்தாடிய பொறவு எண்ணலாம். ரோட்டப் பாருங்க," என்றாள் பூங்கனி.

மதுரை தாண்டியதும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அந்த லாட்ஜ் நம்பரக் குடுங்க. வெள்ளம் உண்டுமான்னு கேக்கட்டு. குளிக்காண்டாமா?"

நியாயமான கேள்வி. நெய்யூரில் குடிப்பதும் குளிப்பதும் வெள்ளம்தான். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, ஒங்க ரூம்ல வெள்ளம் வருமா?"

"வெள்ளமா? வரவே வராதும்மா!"

"ராத்திரியாவது?"

"எப்பவுமே வராது. லாட்ஜ் கட்டி இருபது வருசமாச்சு, ஒரு தடவகூட வந்ததில்ல. தைரியமா வாங்க!"

இல்லை என்பதை இவ்வளவு பெருமையாகச் சொல்கிற ஆளை ரசலையன் கண்டதில்லை.

"கேட்டியளா? இருவது வருசமா வெள்ளம் இல்லியாம்."

"ஆத்தங்கரையில இருந்துட்டு வெள்ளம் இல்லன்னா, இது என்ன ஊருட்டி?"

"ஜாஸ்பின் வீட்டுல ரெண்டு டேங்க் நெறைய கெடக்கு."

ரெண்டு டேங்கில் தீர்மானம் முங்கிப்போயிற்று. வண்டி மைத்துனி வீட்டு வாசலில் போய் நின்றது.

சாயங்காலம் ஜாஸ்பினின் கணவர் ஆபேலிடம், வழக்கமான முன்னறையில் உட்கார்ந்து, அந்த லாட்ஜைப் பற்றி முறையிட்டார். ஆபேல் சிரித்த சிரிப்பில் காப்பி வேட்டியில் சிந்தியது.

"அண்ணே, இந்த ஊருல வெள்ளம்னா ஆறு பெருகி வீட்டுக்குள்ள வாறதுல்லா! பூங்கனி மைனி இங்க மூணு வருசம் நர்சு படிச்சவங்க. அவங்களுக்குத் தெரியாதா?"

ரசலையன் எழுந்து அடுக்களை வாசல் வரை போனார். அங்கிருந்து ஏழடி தூரத்தில் பூங்கனி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று வருடக் கூச்சத்தை ஒரே வாயில் விழுங்கினார்.

"ஏட்டி... கார் நிறுத்த ஒண்ணுமில்ல. ஆத்தங்கரையில ஒங்கூட கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்னுதான் அந்த ரூமப் போட்டேன்."

பூங்கனி அடுப்பைத் தணித்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"இத நெய்யூர்லயே சொல்லியிருந்தா, நான் தண்ணி உண்டுமான்னுல்லா கேட்டிருப்பேன்!"