கிஷனைத் தூங்க வைத்த விவரம்

கெலுகோர்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய ஜெயலெட்சுமி அக்கா அவர்களுக்கு, தம்பி ராமதாஸ் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், ரூபினி, கிஷன் மூவரும் நலம். அங்கே செபராங் ஜெயாவில் நீங்களும், அத்தானின் முழங்காலும், உங்கள் பாலர் பள்ளிப் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். வாட்ஸப்பில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அங்கே குடும்பமே படிக்கும். விஷயத்தில் என் கைலி சம்பந்தப்பட்டிருப்பதால் கடிதம்.

போன மாதம் வந்திருந்தபோது, இரண்டு வயதுப் பிள்ளை தூங்காமல் சோபாவில் குதிப்பதைப் பார்த்துவிட்டு, "தினமும் ஒரே நேரம்டா. குளிப்பாட்டு, லைட்டக் கொற, கதை சொல்லு. ஹெண்ட்போன மட்டும் காட்டாத லா" என்றீர்கள். அப்படியே செய்தோம். வெந்நீரில் குளித்தான், விளக்கைக் குறைத்தோம், நான் பக்கத்தில் படுத்து யானைக் கதை சொன்னேன், யானை குளத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆள் தூங்கியாகிவிட்டது. ஆள் என்றது என்னை. கிஷன் என் மேல் ஏறி இறங்கி, என் கைலியை உருவித் தலையில் போட்டுக்கொண்டு ஹாலுக்குப் போயிருக்கிறான். அங்கே ரூபினி ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் இருந்தாள். "அப்பா தூங்கிட்டாரு. அப்பாக்குக் கைலி இல்ல" என்று கேமராவைப் பார்த்து அறிவித்துவிட்டான். அவள் ஆபீசில் பாதிப்பேர் தமிழர்கள். ரூபினி துணிப்பையை எடுத்துக் கதவருகே வைத்தாள். "இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தூங்க வெச்சிக்குங்க."

மறுநாளே ஆபீசில் யோசனை கேட்டேன். காரில் சுற்றினால் பிள்ளை தூங்கிவிடும் என்று ஆபீஸ் நண்பர் பஷீர் சொன்னார். சுற்றினேன். சூலியா தெருவில் வண்டி நகரவில்லை, கடை விளக்குகளைப் பார்த்து அவன் கை தட்டினான், மீ கோரெங் வாசம் வந்ததும் "மீ! மீ!" என்று அலறினான், வாங்கிக் கொடுத்தேன், தின்ற தெம்போடு வீட்டுக்கு வந்து கட்டிலிலிருந்து குதிக்க ஆரம்பித்தான். அழைப்புமணி அடித்தது.

கீழ்வீட்டு சித்தி ஹாஜரா. சித்தி என்பது பெயர்தான், உறவல்ல. நாங்கள் கூப்பிடுவது மாமி என்று. "ஏன் தம்பி, இது வீடா, பந்து வெளையாடுற பாடாங்கா? எங்க ஃபேன் ஆடுது. லிஃப்ட் பக்கத்துல குப்பை வெக்கிறது யாரு? கெரெத்தாவ பார்க்கிங்ல கோணலாப் போடுறது யாரு?" குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, பழைய ஐஸ்பெட்டி மாதிரி ஒரே சீராக இரைந்தது. கிஷன் வந்து என் காலைக் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கும் என் முகத்தையே அண்ணாந்து பார்த்தான். மாமி கார் விஷயத்திலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு வருவதற்குள் பாயில் சுருண்டு தூங்கிவிட்டான்! மாமி எட்டிப் பார்த்தார். "தூங்கிட்டானா? அப்ப மெதுவாத் திட்டுறேன்" என்று தொடர்ந்தார்.

அன்றிலிருந்து சாப்பாடு முடிந்ததும் மாமி வந்துவிடுகிறார். மாமி உட்கார, கிஷன் படுக்க, நான் நிற்க வேண்டும். நான் உட்கார்ந்தால் அவன் எழுந்துவிடுகிறான். புகார்கள் தீர்ந்துபோனதால் நானே மெனக்கெட்டுக் காரைக் கோணலாக நிறுத்துகிறேன். பிள்ளை விடியும்வரை அசைவதில்லை. ரூபினி பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டாள். நேற்று மாமி திட்டிக்கொண்டே அவன் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த ரூபினிக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான், ஆனால் எனக்கு அது திட்டு வாங்கியதாலும் இருக்கலாம்.

ஆகவே கவலை தீர்ந்தது. அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதத்தால் எங்கள் வீட்டில் குறட்டைச் சத்தம் என்றும் நிலைக்கட்டும்.

அன்புத் தம்பி,
ராமதாஸ்

பின்குறிப்பு: கடிதத்தை மடிப்பதற்குள் மாமி வந்தார். மகள் நூர்ஜானுக்குப் பிரசவமாம். உடனே கெடாவுக்குக் கிளம்பிவிட்டார், திரும்ப இரண்டு மாதம் ஆகுமாம். ரூபினி திட்டிப் பார்த்தாள். கிஷன் உற்சாகமாகி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவனும் அவளோடு சேர்ந்து என்னைத் திட்டுகிறான். தூக்கம் போயே போய்விட்டது, பை மறுபடி கதவருகே வந்துவிட்டது. சிறு வயதில் நீங்கள் என்னைத் திட்ட ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு நாயே படுத்துவிடும். இதைப் பஷீரிடம் கொடுத்தனுப்புகிறேன். கண்டதும் பெரி படகு ஏறி வரவும். என்னைத் திட்டக் காரணம் எதுவும் தேட வேண்டாம், எல்லாத் தப்பையும் செய்து வைத்திருக்கிறேன்.