புல்லட்டுக்குத் தடவிய எண்ணெய்

எங்கள் ஊரில் எதையும் எலும்பு தெரிய வளர்க்க முடியாது. பிள்ளையோ மாடோ, மெலிந்திருந்தால் அந்த வீட்டுக்காரியைத்தான் கேட்பார்கள். இது தெரிந்தும் குலசேகரத்தில் ஒரு கிரேஹவுண்ட் நாயைத் தத்தெடுத்தவள் நான். (கிரேஹவுண்டைப் பார்க்காதவர்கள் நாலு குச்சியில் காயப்போட்ட ஈரத்துணியை நினைத்துக்கொள்ளுங்கள்.)

பந்தயத்தில் ஓடிய நாய் அது. பின்னங்கால் பழுதானதும் வளர்த்தவர்கள் கைவிட, கோயம்புத்தூரில் மீரா மேடம் என்பவர் மீட்டு வைத்திருந்தார். பெண் கொடுக்கிறவர் மாதிரி விசாரித்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தார். ஒரு மாதம் சோதனைக்காலம். முடிவில் நேரில் வந்து பார்ப்பார், திருப்தி இல்லையென்றால் திரும்பக் கொண்டுபோய்விடுவார்.

அவன் பெயர் புல்லட். ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம் தூங்குவான். விழித்தால் என் பக்கத்தில் வந்து நின்று, மொத்த உடம்பையும் என் காலில் சாய்த்துக்கொள்வான். அடுப்பில் பால் பொங்கினாலும் நான் நகர மாட்டேன். முதல் வாரத்திலேயே அவனை இனி யாருக்கும் கொடுக்க முடியாது என்று ஆகிவிட்டது.

செல்போனில் படித்துப் படித்து நான் அதற்குள் அரை டாக்டர் ஆகியிருந்தேன். வாசலில் யார் நின்றாலும் பாடம் எடுப்பேன். கடைசி விலா எலும்புகள் தெரிந்தால்தான் இவனுக்கு ஆரோக்கியம். தோல் மெல்லிசு, வெறுந்தரையில் படுக்கக் கூடாது. கழுத்து தலையைவிடப் பருமன், சாதாரண பெல்ட் உருவிக்கொண்டு வந்துவிடும், இழுத்தால் இறுகும் அகலப் பட்டைதான் போட வேண்டும். (இந்தக் கடைசிப் பாடத்தை மறக்காதீர்கள். நான் மறந்தேன்.)

பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்காவிடம் என் பாடம் எடுபடவில்லை. "ஏட்டி, ஒனக்க வீட்டுல சோறே பொங்கமாட்டியளா?" என்று கேட்டுவிட்டு, மதிலுக்கு மேலாக அவித்த மரச்சீனிக் கிழங்கைப் புல்லட்டுக்கு நீட்டுவார்.

மீரா மேடம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு மழை பிடித்தது. புல்லட் லேசாக நொண்டினான். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, பழைய காயம், குளிருக்கு அப்படித்தான் இருக்கும், கதகதப்பாகப் படுக்கவைத்து மாத்திரை கொடுத்தால் போதும் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நொண்டுகிற நாயைப் பார்த்தால் மேடம் விட்டுவைப்பாரா?

அப்போதுதான் ரோஸ்லின் அக்கா, எண்ணெய் தடவி வைத்தியம் பார்க்கும் வர்ம ஆசானைப் பற்றிச் சொன்னார். சர்ச் படி ஏற முடியாத அவர் முட்டியை ஏழே தடவலில் சரியாக்கிய ஆசான். எங்கள் மாவட்டத்தில் சுளுக்கோ முறிவோ, கால் தானாக ஆசான் வீட்டுக்குத்தான் நடக்கும். நாயின் கால் மட்டும் விதிவிலக்கா என்று என் மூளை கேட்டது.

மேடம் வரும் அன்று காலையிலேயே கூட்டிப்போனேன். ஆசான் புல்லட்டை வெகுநேரம் பார்த்தார். "நாலு காலு உள்ள ஆளுக்கு நான் தடவுனதில்ல. ஆனாலும் வலின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான மக்கா" என்று எண்ணெயைச் சூடாக்கினார்.

இந்த இடத்தில்தான் என் புத்திசாலித்தனம். மேடம் கொடுத்த அகலப் பட்டையில் எண்ணெய் பட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, அதைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, ரோஸ்லின் அக்கா வீட்டு நாயின் பழைய பெல்ட்டை மாட்டினேன். ஆசான் காலோடு நிறுத்தவில்லை. கழுத்து முதல் வால் வரை தடவினார். புல்லட் கண்ணைச் சொருகிக்கொண்டு கிடந்தான்.

மேடம் மத்தியானம்தான் வருவார், அதற்குள் குளிப்பாட்டிவிடலாம் என்பது என் திட்டம். வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் கோயம்புத்தூர் கார் நிற்கிறது. மேடம் இறங்கி, சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு சேவல் ரோட்டைக் கடந்தது.

அவனுக்கு ஏன் புல்லட் என்று பெயர் வைத்தார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டேன். என் கையில் வெறும் பெல்ட் தொங்கியது. சேவல் மரத்தில் ஏறித் தப்பித்தது. புல்லட் வந்த வேகத்தில் வளைவைத் திரும்பி மறைந்தான். அங்கே பஸ் வரும் ரோடு. நானும் மேடமும் ரோஸ்லின் அக்காவும் ஓடினோம். எங்கள் மூவரில் அக்காதான் முந்தினார், ஆசான் கைராசி அப்படி.

புல்லட் ரோட்டில் இல்லை. போதகர் குடியிருக்கும் குருமனையின் கதவு திறந்திருந்தது. உள்ளே போதகர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். எதிரே வெள்ளை சோபாவில் புல்லட் மல்லாந்து, நாலு காலும் மேலே தூக்கி, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். சோபா முழுக்க எண்ணெய்.

"நொண்டுதுன்னு கேள்விப்பட்டேன்" என்றார் போதகர். "எனக்கு அப்படித் தெரியல."

மேடம் முழங்காலிட்டு அவன் ஈறு, கால், பாதம் எல்லாவற்றையும் பார்த்தார். விரலை முகர்ந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, இது என்ன எண்ணெயிங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவர் சொன்னது, ஆசானிடம் போனது, பட்டையைக் கழற்றியது. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவனைக் கொண்டுபோகாதீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. என் குரல் கேட்டு விழித்த புல்லட் சோபாவிலிருந்து இறங்கி வந்து, அத்தனை பேருக்கும் நடுவில், எண்ணெய் உடம்பை என் சேலையில் சாய்த்துக்கொண்டு நின்றான்.

மேடம் எழுந்து, பையிலிருந்து தத்தெடுப்புப் படிவத்தை எடுத்தார். பிறகு, அவன் எண்ணெயை நக்கினால் வயிற்றுக்கு ஆகாது, முதலில் குளிப்பாட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நிபந்தனைகளின் கடைசியில் ஒரு வரி தன் கைப்பட எழுதினார்: "ஆசானிடம் கொண்டுபோகக் கூடாது."

ஐந்து வருடம் ஆகிவிட்டது. சோபா சபைச் சொத்து, கமிட்டி கூடாமல் மாற்ற முடியாது. நாலு கால் தூக்கிய புல்லட்டின் முதுகு அதில் அச்சுப் பிசகாமல் பதிந்திருக்கிறது. இதற்குள் இரண்டு போதகர்கள் மாறிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ரோஸ்லின் அக்கா முதலில் அந்தக் கறையைக் காட்டி, பிறகு என்னைக் காட்டுவார்.

போன வாரம் நானும் ரோஸ்லின் அக்காவும் புல்லட்டோடு குருமனைக்குப் போயிருந்தோம். நேரே போய்த் தன் கறைமேல் ஏறி மல்லாந்து படுத்தான். வயதாகிவிட்டது, மதிலுக்கு மேலாக வரும் மரச்சீனியை நான் எவ்வளவோ தடுத்தும் முதுகு இப்போது கறைக்கு வெளியே இரண்டு விரல் வந்துவிட்டது. டாக்டர் திட்டுவார் என்று நான் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோஸ்லின் அக்காவுக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு. "இப்பந்தான் ஏட்டி, ஒரு குடும்பத்துல வளந்த பிள்ள மாதிரி இருக்கான்" என்றார்.