கோடாலிச் சத்தமும் பெரட்டுச் சங்கும்

என் மானத்தை வாங்கினது வேற யாருமில்லீங்க, நான் ஆசையா வச்சிருக்கிற ஸ்பீக்கர். அதுவும் போன ஞாயித்துக்கெழம, எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல வரிசையா இருக்கிற அத்தனை வீடும் பாத்துச் சிரிக்க.

எங்கப்பா காலத்து ரேடியோவுல பாட்டை விட இரைச்சல்தான் ஜாஸ்தி. பிறகு வந்த கேசட்டும் சும்மா 'உஸ்'ஸுன்னு சீறும். நான் பதுளையில இருந்து தூக்கிட்டு வந்த ஹை-ஃபை செட் அப்படியில்ல. பாடுறவ மூச்சு வாங்குறது கூடக் கேக்கும். இந்தப் பெருமையை நான் அளக்காத வீடு எங்க தோட்டத்துல கெடையாது.

என் சம்சாரம் தனலெட்சுமிக்கு மட்டும் அந்தப் பொட்டிகளைக் கண்டாலே ஆகாது.

"என்னங்க, ஞாயித்துக்கெழம விறகு பொளந்தே ஆகணும். இல்லாட்டி ரெண்டு பொட்டியும் கோழிக்கூடு!"

"அடிப்பாவி! ஸ்பீக்கர்ல கோழியா?"

"முட்டையாவது போடும். இப்ப என்னத்தப் போடுது?"

"பாட்டுப் போடுதே!"

"அதைத் தாளிச்சுத் தின்ன முடியுமா?"

எனக்கோ அன்னைக்குக் கூட்டாளி ஜீவன் வீட்டுல கேரம். விட மனசு வருமா? சனிக்கெழம விடியக்காலையில நாலு கட்டையைப் பொளந்து, அந்தச் சத்தத்தை நல்ல மைக் வச்சு ரெக்கார்ட் பண்ணினேன். வேலைக்கு ஆள் கூப்பிடுற பெரட்டுச் சங்கு ஊதினதும் கோடாலியைப் போட்டுட்டு, ரெக்கார்டை நிப்பாட்டிட்டு, மைதானத்துல கங்காணிகிட்டப் பேர் போட ஓடினேன்.

ஞாயித்துக்கெழம செட்டை வீட்டுக்குப் பின்னால வச்சு, திருப்பித் திருப்பிப் பாடும்படி போட்டுவிட்டேன். டக்... டக்... என் முனகல் கூட அச்சு அசல்! அடுப்படியில இருந்து தனலெட்சுமி சத்தம் குடுத்தா.

"பாத்துப் பொளங்க, கையில பட்டுறப் போகுது!"

பாவம், நம்பிட்டான்னு நழுவினேன்.

கேரம்ல செவப்புக் காயை உள்ள தள்ளிட்டேன். அடுத்த காய்க்குக் குறி வைக்கிறேன். 'ஊஊஊ'ன்னு சங்கு! பொறந்ததுல இருந்து கேக்குற சத்தம், கால் சும்மா இருக்குமா? ஒரு செருப்போட ஓடிப்போய்ப் பெரட்டு மைதானத்துல நிமிந்து நின்னேன்.

கங்காணி இல்ல. தொரை இல்ல. ஒரு நாய் மட்டும் படுத்திருந்துச்சு.

அப்பத்தான் உறைச்சுது. ஞாயித்துக்கெழம ஏது பெரட்டு? ஊதினது என் செட்டு! பழைய கேசட்டா இருந்திருந்தா அந்தச் சீறல்லயே கண்டுபிடிச்சிருப்பேன். அய்யோ!

திரும்பிப் பாத்தா மேட்டுல லயமே நின்னு சிரிக்குது. முன்னால தனலெட்சுமி, இடுப்புல கை. பக்கத்துல ஜீவன், கையில என் ஒத்தச் செருப்பு.

"என்னங்க, இங்க நிக்கிறீங்க? வீட்டுல விறகு பொளக்கிற சத்தம் கேக்குதே?"

"அது... வந்து..."

"நேத்து நீங்க குளிக்கப் போனப்பவே முழுசாப் போட்டுக் கேட்டுட்டேன். சங்கு வருதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லியும் வச்சிட்டேன். உங்ககிட்டதான் சொல்லல. இன்னைக்குச் சத்தத்தைக் கூட்டி வச்சதும் நான்தான்."

வெக்கத்துல மூஞ்சியை எங்க வைக்கிறதுன்னே தெரியல.

"பொட்டிய மட்டும் விட்டுரு, புள்ள."

"விடுறேன். இங்க நிக்கிற எல்லா வீட்டுக்கும் விறகு பொளந்து குடுங்க."

பொளந்தேன். லயமே வேடிக்கை பாக்கப் பொளந்தேன். தனலெட்சுமி நாற்காலி போட்டு உக்காந்து, பிளேன்டீயும் கையுமா என் செட்டுல பாட்டுக் கேட்டா. நடுவுல கண்ணை மூடித் தலையாட்டினா.

"நீங்க சொன்னது நெசந்தாங்க. பாடுறவ மூச்சு வாங்குறது எவ்வளவு சுத்தமாக் கேக்குது!"

"அது நான், தனலெட்சுமி."