காதுகுத்துக்கு மோட்டார் தாமதமாக வந்த காரணம்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
மாசி 8, 1938

என் தங்கை வள்ளியாத்தாளுக்கு அண்ணன் கந்தவேல் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உன் அண்ணி ராமாத்தாளும் சுகம். அவ்விடம் குழந்தையின் காது ஆறிவிட்டதா என்று எழுதவும்.

வெள்ளிக்கிழமை காதுகுத்துக்குத் தாய்மாமன் நான் ஏன் மூன்று மணி நேரம் கழித்து வந்தேன் என்று நீ கேட்கவே இல்லை. கேட்காததால்தான் எழுதுகிறேன். உன் புதுமனை விருந்தில் முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு போனவன், மூன்று வருஷம் கழித்து வந்தும் வேண்டுமென்றே தாமதித்தான் என்று புதுச்சத்திரமே பேசியிருக்கும். சத்தியமாக இல்லை, சாமி. என் வாடகை மோட்டாரை விடிந்ததுமே எடுத்துவிட்டேன். மல்லூர் தாண்டியதும் எஞ்சின் அலறுகிறது, சக்கரம் நகர மாட்டேன் என்கிறது, கருகின வாடை வேறு. உன் அண்ணிக்கு விளக்கினேன்: "எஞ்சின்ல பொறக்கற பலம் அப்படியே சக்கரத்துக்குப் போறதில்ல புள்ள. கிளச்சு கொஞ்சம் தின்னும், கியர் பெட்டி கொஞ்சம், அடியில சுத்தற நீளத் தண்டு கொஞ்சம், பின்னச்சுப் பல்லுங்க கொஞ்சம். தேஞ்சு போனா இன்னும் சாஸ்தி தின்னும்." அவள், "ஏனுங்க, அப்ப எஞ்சினத் தூக்கிச் சக்கரத்து மேலயே வெச்சிருக்கலாமில்லீங்க?" என்றாள். மேட்டில் இறங்கித் தள்ளச் சொன்னேன். பட்டுச் சேலையோடு தள்ளினாள். ராசிபுரம் பிரிவில் கியர் பெட்டிக்கு எண்ணெய் ஊற்றினேன், கிளச்சை முடுக்கினேன், போன மாதம் வண்டியைப் பழுது பார்த்த மெக்கானிக் சென்றாயனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நல்ல நேரம் போய்விட்டது, எந்த முகத்தோடு வருவது, திரும்பிவிடலாம் என்றேன். "தள்ளுனது நானுங்க. திரும்பறதுன்னா நீங்களே தள்ளிக்கிட்டுப் போங்க" என்றாள் உன் அண்ணி.

வந்து பார்த்தால் பந்தியெல்லாம் முடிந்து ஆசாரி ஊசியோடு தூங்கி வழிகிறார். நீ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியாரிடம், "எங்கண்ணன் மடியில உக்காராம எம்புள்ள காதுல ஊசி படாதுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணா, சாப்பிட்டீங்களா?" என்றாய். அவ்வளவுதான். குழந்தை அழுதபோது நானும் அழுதுவிட்டு, கண்ணில் மோட்டார்ப் புகை என்றேனே, அது பொய்.

மாப்பிள்ளைக்கு என் மரியாதையும் மாமியாருக்கு நமஸ்காரமும் சொல்லவும். குழந்தை தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் கந்தவேல்

பி.கு.: சென்றாயன் இன்று வண்டியைக் கழற்றிப் பார்த்தான். கிளச்சு, கியர் பெட்டி, தண்டு, பின்னச்சு ஒன்றிலும் குற்றமில்லை. கைப் பிரேக்கின் பட்டைதான் கருகிக் கிடக்கிறது. பாதி போட்டபடியே உன் ஊர் வரை ஓட்டியிருக்கிறேன், இருபது வருஷ டிரைவர்! நீ வாங்க என்பாயோ மாட்டாயோ என்று நினைத்துக்கொண்டே எடுத்ததில் இறக்க மறந்துவிட்டேன். திரும்பும்போது ஒழுங்காக இறக்கிவிட்டு எடுத்திருப்பேன் போல, வண்டி பறந்தது. உன் வீட்டுச் சாப்பாட்டின் பலம் என்று நினைத்தேன். உன் அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை. சென்றாயன் போனதிலிருந்து அவள் தோளுக்கு நான்தான் தைலம் தேய்த்துவிடுகிறேன். என்ன திடீர் அக்கறை என்று சந்தேகமாகப் பார்க்கிறாள்.