தாய்மாமன் கை நனைக்கவில்லை

நம் ஊர்ப்பக்கம் ஒருவன் விசேஷ வீட்டுக்குக் குடித்துவிட்டு வரலாம், தாலி கட்டும் நேரத்தில் குறட்டை விடலாம், பந்தலில் பழைய சண்டையைக் கிளப்பலாம். எல்லாவற்றுக்கும் மன்னிப்பு உண்டு. "எனக்குச் சோறு வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அந்தக் குற்றத்துக்காக நான் பட்டதை நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் கோபம் வருகிறது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆள் அதிகம்.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கடையில் வேலை. உடைந்த சாக்லேட்டை டூரிஸ்டுகளுக்கு விற்க முடியாது. குப்பையில் போடவும் மனம் வராது. அதனால் நான் விழுங்கினேன். (சில நாள் போதுமான அளவு உடையாதபோது கொஞ்சம் ஒத்தாசையும் செய்திருக்கிறேன்.) எடை தொண்ணூற்று நான்கு கிலோவைத் தொட்டது. கடைப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், "நாப்பது வயசைப் பார்க்கிற உத்தேசம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். மதியம் சோறு ஒரு கரண்டி, ராத்திரி இரண்டு சப்பாத்தி, வேகவைத்த காய்கறி. எண்ணெய், இனிப்பு, ஆட்டுக்கறி கூடவே கூடாது.

என் மனைவி மல்லிகா அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மூன்று வாரம் முட்டைக்கோஸாகத் தின்றேன். கனவில் பரோட்டா வந்து போனது. ஒன்றரைக் கிலோ குறைந்தது. ஒரு மனிதனின் மூன்று வார வாழ்க்கைக்கு ஒன்றரைக் கிலோ! இருந்தாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தங்கை மகளின் காதுகுத்து வந்தது. தங்கை செல்வியைக் கொடைக்கானலுக்கு மேலே போளூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற பெரிய குடும்பம். தாய்மாமனான என் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும்.

காலையில் வெள்ளனே ஜீப்பில் ஏறும்போது மல்லிகா ஒரு டிபன் டப்பாவை என் கையில் திணித்தாள். உள்ளே இரண்டு சப்பாத்தி, வேகவைத்த பீன்ஸ், கேரட். "அங்க கெடா வெட்டுறாங்களாம். வாயைக் கட்டிக்கிட்டு இதைச் சாப்பிடுங்க. யாரும் கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றாள். நம்பினேன்.

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. அவ்வளவு அகலமான மடி அந்த ஊரில் வேறு யாருக்கும் இல்லாததால் குழந்தை வசதியாக உட்கார்ந்து அலறியது. பிறகு குழம்பு வாசனை கிளம்பியது. மூன்று வாரப் பட்டினிக்காரன் அந்த வாசனைக்கு முன்னால் நிற்க முடியுமா? டப்பாவை எடுத்துக்கொண்டு கிழங்கு அடுக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய் உட்கார்ந்தேன்.

ஒரு விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை. அந்த வீட்டில் தாய்மாமன் முதல் பந்தியில் உட்கார்ந்து கை நனைத்த பிறகுதான் மற்றவர்கள் இலையில் உட்காரலாம். ஊரே பசியோடு நின்றுகொண்டு என்னைத் தேடியிருக்கிறது.

கண்டுபிடித்தது தங்கை வீட்டுக்காரரின் சித்தி குருவம்மாள். மலைக்கு அந்தப்பக்கம் கேட்கிற குரல்.

"ஏலே, இங்கன வெரசா வாங்கலே! மாமங்காரரு கட்டுச்சோறு கொண்டாந்து திங்கிறாரு! நம்ம வீட்டுச் சோறு இவுகளுக்கு ஆகாதாம்!"

நான் வாயில் கேரட்டோடு நிமிர்ந்தபோது முன்னால் ஒரு கூட்டம். தங்கையின் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"கல்யாணத்துல உங்க வீட்டுக் குழம்பு தண்ணியாக் கெடக்குன்னு நான் சொன்னது வாஸ்தவந்தான் தம்பி. அதுக்காக மூணு வருசம் காத்திருந்து எங்க சோத்தத் தொடாம அவமானப்படுத்துவீகளா?"

"ஐயோ மாமா, அந்தக் குழம்பே எனக்கு ஞாபகமில்லை. உடம்பு சரியில்லைங்க. ரத்தத்துல கொழுப்பு. டாக்டர் கறியே கூடாதுன்னுட்டாரு."

தப்பித்தேன் என்று நினைத்தேன்.

"ரத்தத்துல சீக்கா?" என்றார் குருவம்மாள். "பொண்ணு குடுக்கையில இதச் சொல்லலையே! கூடப் பொறந்தவளுக்கும் இருக்குமோ? புள்ளைக்கும் வந்துருமோ?"

யாரோ குழந்தையை என்னிடமிருந்து இரண்டடி தள்ளித் தூக்கிப் போனார்கள். நான் மல்லிகாவைத் தேடினேன். அவள் கையில் வடையோடு நின்றாள்.

"நான் தலபாடா அடிச்சுக்கிட்டேங்க, விசேஷ வீட்டுக்கு டப்பா எதுக்குன்னு. எங்க கேட்டாரு?" என்றாள்.

இப்படியும் ஒரு மனைவி இருக்க முடியுமா?

செல்வி மட்டும் சத்தம் போடவில்லை. என் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனாள். கண் நிறைந்திருந்தது.

"அண்ணே, நீ சாயங்காலம் ஜீப்புல ஏறிப் போயிருவ. நாந்தான இங்க கெடக்கணும்? அதச் சரியாச் செய்யல, இதச் சரியாச் செய்யலன்னு தெனமும் பேச்சு கேக்குறேன். இன்னிக்குத்தான் எங்க அண்ணன் வருதுன்னு தலை நிமிந்து நின்னேன்."

அதற்குப் பிறகு டாக்டராவது, பட்டியலாவது! நேராகப் போய் இலை முன்னால் உட்கார்ந்தேன். மாமனாரே பரிமாறினார். கோபம் இல்லை என்று காட்ட ஒருமுறை, சீக்கு இல்லை என்று காட்ட ஒருமுறை. "அவரு வச்சதத் தின்னீக, நா வச்சா ஆகாதா?" என்று குருவம்மாள் ஒருமுறை. சொந்தக்காரர்கள் வரிசையாக நின்றார்கள். ஐந்தாவது முறை சோறு விழுந்தபோது எனக்குக் கண் கலங்கியது. ("பாசம்" என்றார் மாமனார்.) இலையை மூடியதும் ஊரே ஓடிவந்து பந்தியில் உட்கார்ந்தது. ஜீப்பில் நான் மூச்சு விடவே இடமில்லாமல் படுத்து வந்தேன்.

அடுத்த வாரம் டாக்டர் எடை பார்த்துவிட்டு முறைத்தார். இரண்டு கிலோ கூடியிருந்தது.

"நான் சொன்னபடி சாப்பிடுறீங்களா, இல்லையா?"

"எங்க டாக்டர்?" என்றாள் மல்லிகா. "போன வாரம் விருந்துல அஞ்சு தடவை சோறு வாங்கினாரு. என் கண்ணால பார்த்தேன்."

பிறகு ஒருவழியாக உடம்பு இளைத்தது. சோற்றைப் பாதியாக்கினேன், ஏரியைச் சுற்றி நடந்தேன், உடைந்த சாக்லேட்டை வேறு ஆள் பொறுப்பில் விட்டேன். இரண்டு வருடத்தில் பதினெட்டுக் கிலோ. அதைப் பற்றிப் போளூரில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சென்ற வருடம் செல்வியின் கொழுந்தன் பிள்ளைக்குக் காதுகுத்து. அந்தப் பிள்ளையின் தாய்மாமன் பெரியகுளத்துக்காரர், புது ஆள். வந்து இறங்கியதும் காலையிலேயே அவரை இலை முன்னால் உட்கார வைத்துக் கறிக்குழம்பை ஊற்றினார்கள்.

"ஏங்க, காது குத்துன பெறகுதானே சாப்பாடு? இது என்ன வழக்கம்?" என்று அவர் விழித்தார்.

"எங்க அண்ணன் உண்டாக்குன வழக்கம்" என்றாள் செல்வி, என்னைக் காட்டி. "மாமன் வயிறு நெறஞ்சாத்தான் இந்த வீட்டுல மத்த சோலி. வெரசாச் சாப்பிடுங்க, ஆசாரி காத்துக்கிட்டிருக்காரு."

அந்த மனிதர் ஊருக்குக் குளம் வெட்டிய மகானைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் என் முன்னாலும் ஓர் இலையைப் போட்டு ஒருவர் குழம்பை ஊற்றிவிட்டார்.